துறைமுகம் போயிற்று, ஊர் நின்றது: காயல்பட்டினத்தின் வரலாறு



பயணம் முடித்துத் திரும்பும் வேளையில் மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டதும், நபி (ஸல்) அவர்கள் அந்நகரின் மீது கொண்ட அன்பால் தம் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மக்காவை விட்டுப் புறப்பட நேர்ந்த நாளில், அவ்வூரை நோக்கி அதன் மீது தமக்குள்ள நேசத்தை வெளிப்படுத்தினார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. ஆகவே, ஊர்ப்பற்று என்பது ஓர் இறைநம்பிக்கையாளர் நாணத்தக்க பலவீனம் அன்று. பிறந்த மண்ணை நெருங்கும்போது நெஞ்சு சற்றே வேகமாக அடித்துக்கொள்வது இயற்கை. அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது.

பெருநாள் விடுமுறைக் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஏறிப் பாருங்கள். ஆறுமுகநேரி நெருங்கும்போதே பெட்டியில் ஒரு பரபரப்புத் தோன்றும். பைகள் கீழே இறங்கும். உறங்கிய குழந்தைகள் எழுப்பப்படுவார்கள். வண்டி நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் சென்னைக்காரர்கள் இருப்பார்கள். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் தொழில் செய்பவர்கள் இருப்பார்கள். இத்தனை பேரை ஒரு சிற்றூர் ஏன் இழுக்கிறது? வெளியூர் விருந்தினர்களும் ஒருமுறை வந்தால் மறுமுறை ஏன் வர விரும்புகிறார்கள்? இதற்கு விடை காயல்பட்டினத்தின் வரலாற்றில் இருக்கிறது. அந்த விடையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு.

ஆறு எழுதிய வரலாறு

காயல் என்றால் கடலோடு தொடர்புடைய நீர்நிலை. ஆறு கடலைச் சேரும் இடத்தில் தேங்கிக் கிடக்கும் பரப்பு. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் காயல் என்ற பெயரைத் தாங்கிய ஊர்கள் மூன்று உள்ளன: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். இவற்றுக்குச் சற்று உள்ளே கொற்கை இருக்கிறது. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக உலகப் புகழ் பெற்றிருந்த கொற்கை, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்கு நடுவே நிற்கும் கிராமம். காரணம் எளியது. ஆண்டுதோறும் ஆறு சுமந்து வந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்தது. கடல் விலகியது. கப்பல்கள் அணைய முடியாமல் போகவே, வணிகம் கடலைத் தேடிக் கீழ்த்திசை நகர்ந்தது. கொற்கை ஓய்ந்தபோது காயல் எழுந்தது.

மார்க்கோ போலோ தம் குறிப்புகளில் 'காயில்' என்று எழுதிய மாநகரம் இம்மூன்றில் எது என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்ட கால்டுவெல், அது பழையகாயலே என்று கருதினார். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை அவர் சான்றாகக் கொண்டார். காயல்பட்டினமே அது என்று வாதிட்டவர்களும் உளர். எவ்வாறாயினும், ஒரே கழிமுகத்தின் ஒரே வணிக உலகம் அது. அந்த உலகின் முஸ்லிம் மரபு இன்றுவரை உயிரோடு தொடர்வது காயல்பட்டினத்தில்தான்.

வணிகர்கள் ஏன் வந்தார்கள்?

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டார். காயலைப் பெரிய, சிறப்பு மிக்க நகரம் என்று அவர் வருணிக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றி வரும் கப்பல்கள் யாவும் இங்கே அணைந்தன என்கிறார். முத்துக் குளிப்பைப் பற்றியும், அதில் அரசருக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தது பற்றியும் விரித்து எழுதுகிறார்.

அவருடைய குறிப்பில் நாம் நின்று படிக்க வேண்டிய இடம் வேறொன்று. அந்நகரின் மன்னர் நீதி தவறாது ஆட்சி செய்தார், அயல்நாட்டு வணிகர்களை நேர்மையுடன் நடத்திப் பாதுகாத்தார், ஆகவே வணிகர்கள் அங்கு மகிழ்ச்சியோடு வந்தார்கள் என்று அவர் காரணம் கூறுகிறார். முத்து மன்னார் வளைகுடா நெடுகிலும் கிடைத்தது. அணைவதற்குத் துறைகளும் பல இருந்தன. ஆயினும், சரக்கை இறக்கிவைத்துவிட்டு அச்சமின்றி உறங்கக்கூடிய ஊரையே கடலோடிகள் நாடினார்கள்.

குதிரை வணிகத்தின் அளவை அறிய, பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியவற்றைப் பார்க்க வேண்டும். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன், தம் சொந்த லாயத்திலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு இருந்தது என்கிறார் அவர். மஅபர் எனப்பட்ட இக்கரைக்கும் கம்பாயத்து முதலிய துறைகளுக்குமாக, ஒரு காலத்தில் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் கணக்குத் தருகிறார். நம் நாட்டு வெப்பமும் தீவனமும் அக்குதிரைகளுக்கு ஒத்துவரவில்லை. அவற்றைப் பேணும் முறையும் இங்கு போதிய அளவு அறியப்பட்டிருக்கவில்லை. வாங்கியவற்றில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் மடிந்தது. மறு ஆண்டு மீண்டும் வாங்க நேர்ந்தது.

இவ்வணிகத்தின் இக்கரைப் பொறுப்பாளராக விளங்கியவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். அவரைப் பாண்டிய மன்னர் தம் அமைச்சராகவே அமர்த்தியிருந்தார் என்றும், காயல் உள்ளிட்ட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இந்து மன்னர் ஒருவரின் அவையில் அரபுலகத் தொடர்புடைய முஸ்லிம் ஒருவர் அமைச்சர். இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பியதால் இது நிகழ்ந்தது.

பாண்டியரின் வலிமை குன்றிய பின்னும் அந்த நம்பிக்கை நீடித்தது. வேணாட்டு மன்னர் உதய மார்த்தாண்டர் காயல்பட்டினத்துப் பள்ளிவாசலுக்குத் துறைமுகச் சுங்கத்தில் ஒரு பங்கை வழங்கினார். அப்பள்ளிக்கு உதய மார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று பெயரும் சூட்டினார். காதியாராக இருந்த அபூபக்கர் அவர்களுக்கு உதய மார்த்தாண்டக் காதியார் என்ற பட்டமும் அளிக்கப்பட்டது. கல்வெட்டு இதனைச் சொல்கிறது.

பள்ளிவாசல்களின் கட்டட அமைப்பும் அதே உறவுக்குச் சாட்சி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிகளில் குவிமாடத்தைத் தேடினால் காண முடியாது. கற்றூண் வரிசைகள், அவற்றின் மேல் போதிகைகள், அவை தாங்கும் தட்டையான கற்கூரை என்று தமிழ்நாட்டு மண்டப அமைப்பிலேயே அவை எழுந்துள்ளன. உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பூக்களும் கொடிகளும் கோலங்களும் செதுக்கப்பட்டுள்ளன. கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள், தாம் நின்ற மண்ணின் கல்லையும் உளியையும் அந்நியமாகக் கருதவில்லை.

1405 முதல் 1433 வரை சீனப் பேரரசின் கப்பற்படையை நடத்திய செங் ஹே, பிறப்பால் முஸ்லிம். அப்படை சென்று வந்த நாடுகளின் பட்டியலில் காயலின் பெயரும் இருக்கிறது. மேற்கே ஏடன், கிழக்கே சீனம். இடையில் நம் சிற்றூர்.

இழப்புகளின் நூற்றாண்டுகள்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்களுக்கு வேண்டியது கடல் வணிகத்தின் மீது முழு உரிமை. முத்துக் கரையில் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த பூசல் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 1530களில் பரதவர்கள் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் முஸ்லிம்களின் கப்பற்படை தோற்றது. முத்துக் குளிப்பின் கட்டுப்பாடு கைமாறியது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின், கடல் வணிகத்தின் மையம் அங்கேயே நிலைத்தது.

காயலின் கப்பல்துறை பெருமை இவ்வாறு முடிந்தது. பின்னாளில் முத்தும் போயிற்று. தூத்துக்குடிக் கரையில் கடைசியாகப் பெருமளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

உலக வரலாற்றில் இத்தகைய துறைமுகங்கள் பெரும்பாலும் பாழடைந்தே போயின. வணிகம் நின்றதும் மக்கள் கலைந்தார்கள், மணல் மூடிற்று. கொற்கைக்கு நேர்ந்தது அதுவே. காயல்பட்டினம் ஏன் மணலுக்கடியில் போகவில்லை?

கல்வி காத்த ஊர்

முதற்காரணம், இவ்வூர் செல்வத்தோடு கல்வியையும் சேர்த்து வைத்திருந்தது. துறைமுகம் தளர்ந்துவிட்ட 17ஆம் நூற்றாண்டில்தான் இங்கே சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து 1703இல் மறைந்த அப்பெருமகனார், அரபு இலக்கியத்திலும் மார்க்கச் சட்டத்திலும் தம் காலத்தின் பேரறிஞராக விளங்கினார்கள். வள்ளல் சீதக்காதி அவர்களிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார்.

அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தில் நபிகள் நாயகத்தைப் போற்றித் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரார். 1816இல் இங்கே பிறந்து, கீழக்கரையில் அரூஸிய்யா மத்ரஸாவை நிறுவிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், அரபுத்தமிழில் எழுதிய நூல்களால் தமிழ் முஸ்லிம் வீடுகள்தோறும் மார்க்க அறிவைக் கொண்டு சென்றார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவதே அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளை மாற்றியமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண் ஒருத்தி, வேறு எழுத்து அறியாமலேயே, தாய்மொழியில் மார்க்கச் சட்டங்களைப் படித்தறிய முடிந்தது. பாட்டியர் பேத்தியருக்கு ஓதிக் கொடுத்தார்கள். பெண்கள் கூடி ஓதவும் தொழவும் தனித் தைக்காக்கள் அமைந்தன. ஆண்கள் கடல் கடந்திருந்த மாதங்களிலும் ஊரில் ஓதல் நிற்கவில்லை.

ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஸஹீஹுல் புகாரி முழுவதும் ஓதி நிறைவு செய்யப்படும் மஜ்லிஸ் இன்றும் இவ்வூரில் நடைபெறுகிறது. வெளியூரில் இருப்போர் தம் விடுமுறையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதும் உண்டு.

வீடும் முடுக்கும்

இரண்டாவது காரணம் வீடு. காயல்பட்டினத்தில் மணமானதும் பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மணமகனே பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு உரியது. கீழக்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையேயும் இத்தகைய வழக்கம் உண்டு. கணவன் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்திருக்கும் சமூகத்தில் இதன் பயன் தெளிவு. பிள்ளைப்பேற்றின்போதும், நோயின்போதும், பிரிவுத் துயரின்போதும் பெண் தன் உம்மாவின் அருகில், சகோதரிகளின் நடுவே இருந்தாள். வணிகம் நொடித்துக் கணவன் வெறுங்கையோடு திரும்பினாலும் பெண்ணும் பிள்ளைகளும் கூரையின்றி நிற்க நேரவில்லை.

வீடுகளுக்கிடையே ஓடும் குறுகிய சந்துகளை இவ்வூரார் முடுக்கு என்பார்கள். தெருவுக்கு வராமலேயே பெண்கள் வீடு விட்டு வீடு செல்ல இவை வழி. முடுக்கு வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும். பிள்ளை பிறந்த செய்தி வரும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் யாரும் சொல்லாமலே தெரியவரும். தேவையுடையவரின் மானம் காத்து உதவ அதைவிட நல்ல வழி ஏது?

சென்ற ஆண்டு பிள்ளைகளோடு அங்கே சென்றிருந்தபோது, நெசவுத் தெருவில் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் எங்களை நிறுத்தி, "யார் வீட்டுப் புள்ளைய?" என்று கேட்டார். ஊர்க்காரர் அல்லர், பார்க்க வந்தோம் என்றேன். "அதனால என்ன, உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார்; தேநீர் கொடுத்தார்; மதிய உணவுக்கும் இருந்து போகச் சொன்னார். வாழும் மாநகரில் பத்தாண்டுகளாக எதிர்வீட்டாரின் பெயர் தெரியாமல் இருக்கும் எங்களுக்கு அது எளிதில் மறக்கக்கூடியதாக இல்லை. "இவங்க நமக்குச் சொந்தமா?" என்று திரும்பும் வழியில் மகள் கேட்டாள். ஆம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று சற்று நேரம் எனக்கு விளங்கவில்லை.

இந்த விருந்தோம்பலின் சுவையைக் களறிச் சாப்பாட்டில் காணலாம். திருமண விருந்தில் சஹனைச் சுற்றி இரண்டு மூன்று பேர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். கப்பலதிபரும் கூலியாளும் அருகருகே அமர்ந்துவிட்டால் தட்டில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை. நோன்பு மாலைகளில் கறிகஞ்சியும் வாடாவும், பெருநாளில் வட்டிலப்பம். இந்த வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் இனிப்பாகவும் இருப்பது, இரு கரைகளுக்கும் இடையே நிலவிய உறவை நாவால் அறியச் செய்கிறது.

நம் முன் உள்ள கேள்வி

பழைமையைப் போற்றும்போது அதன் பாரத்தை மறைப்பது நேர்மையாகாது. பெண்ணுக்குப் பாதுகாப்பாகத் தோன்றிய வீட்டு வழக்கம், மகள்கள் பலரைப் பெற்ற நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும் சுமையாகிவிட்டது. மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு என்றால் மனையின் விலை அதற்கு இடம் தர வேண்டும். அந்த வீட்டுக்காகவே வாப்பா தம் இளமை முழுவதையும் வெளிநாட்டில் கழிக்கிறார். மார்க்கம் மணமகன்மீது மஹரைக் கடமையாக்கியது. மணமகளின் பெற்றோர்மீது வீட்டைக் கடமையாக்கவில்லை. பெற்றோர் மனமுவந்து தருவது அன்பளிப்பு. எதிர்பார்த்துப் பெறுவது வேறு பெயருக்குரியது. வீடு இல்லாததால் ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப்போகுமானால், எந்தப் பெண்ணைக் காப்பதற்காக அந்த வழக்கம் தோன்றியதோ அவளையே அது வருத்துகிறது.

மற்றொன்றும் உண்டு. பொருள் தேடி ஊரை விட்டு வெளியேறியவர்களின் பூட்டிய வீடுகள் தெருக்களில் இருக்கின்றன. பெருநாளுக்குத் திறந்து மறுவாரம் மூடப்படும் வீட்டில் அடுப்பின் வாசம் இல்லை. முடுக்கில் கிண்ணம் போகக் கை இல்லை. துறைமுகத்தைத் தூர்த்தது ஆற்றின் வண்டல். ஊரைத் தூர்க்கக்கூடியது இந்தப் பூட்டுகள்தாம். இது காயலுக்கு மட்டும் உரியதன்று. கீழக்கரை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை என நம் கடற்கரை ஊர்கள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஊருக்குத் திரும்பி வாழ்வது எல்லோருக்கும் இயலாது. இயன்றவற்றைச் செய்யலாம். விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரை மணலில் விளையாட விடுவதோடு, பழைய பள்ளியின் தூண்களைத் தொட்டுப் பார்க்கவும் அழைத்துச் செல்லலாம். பூட்டிய வீட்டை, வீடில்லா உறவினர் எவருக்கேனும் திறந்துவிடலாம். மகனுக்குப் பெண் பேசும்போது வீட்டைப் பற்றிய பேச்சை நாமே முதலில் நிறுத்தலாம். வெளியூரிலிருந்து செல்வோர், இவ்வூர் காட்சிப்பொருள் அன்று, மக்கள் வாழும் இடம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தொழுகை நேரத்தையும் பெண்களின் தனிமையையும் மதித்து, முடுக்குகளிலும் வாசல்களிலும் படம் எடுப்பதைத் தவிர்த்தால், வரவேற்பு தானாகவே கிடைக்கும்.

பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் கவனிக்குமாறு குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைக்கிறது. கொற்கையின் வயல்களில் ஒரு முடிவைக் காண்கிறோம். காயலின் தெருக்களில் இன்னும் முடியாத ஒரு வரலாற்றைக் காண்கிறோம். 700 ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டுப் பயணி, இங்கே நீதி நிலவியதால் மக்கள் மகிழ்ந்து வந்தார்கள் என்று எழுதிவைத்தார். வணிகருக்கு அன்று காட்டப்பட்ட நீதி, இன்று நம் பெண்மக்களுக்கும் வறியவர்க்கும் விருந்தினர்க்கும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அது இருக்கும்வரை ஊரும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் ஊர்களை அமைதி நிறைந்தவையாகவும், அங்கு வாழ்வோரையும் வந்து செல்வோரையும் நல்லோராகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.